ஆறு பேர் பாடும் பள்ளி

(மேல்பட்டாம்பாக்கத்தில் நூலக வாசகர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கடலூர் மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளில் பாட்டு வாத்தியாராக வேலை பார்த்தவன் நான். பிள்ளைகள் "பாட்டு சார்" என்று கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும் பண்ருட்டி பேருந்து நிலையத்தில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். இன்று என்ன பேசலாம் என்று நண்பர்கள் கேட்டபோது, தியாகராஜரைப் பற்றியோ தமிழிசை மூவரைப் பற்றியோ பேச எனக்கு மனம் வரவில்லை. அவர்களைப் பற்றிப் பேச வல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பள்ளியில் பாட்டு வகுப்பு என்று ஒன்று இருந்ததைப் பற்றியும், அது போன இடத்தைப் பற்றியும்தான்.

முதலில் ஒரு கணக்கு. எந்தப் பள்ளியாக இருந்தாலும் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தைப் போய்ப் பாருங்கள். அறுநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். முன்னால் மைக் பக்கத்தில் ஆறு பேர் நிற்பார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தை அந்த ஆறு பேர் பாடுவார்கள், மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு பேர் வாயை அசைப்பார்கள். ஆறாம் வகுப்பில் தேர்ந்தெடுத்த அந்த ஆறு பேரே பெரும்பாலும் பத்தாம் வகுப்பு வரை பாடுவார்கள். ஆண்டு விழாவுக்கும் அவர்கள்தான், சுதந்திர தினத்துக்கும் அவர்கள்தான், மாவட்டப் போட்டிக்கும் அவர்கள்தான். மற்றவர்கள் ஐந்து வருடம் பள்ளியில் இருந்துவிட்டு, "எனக்குப் பாட்டு வராது" என்ற ஒரு நம்பிக்கையோடு வெளியே போகிறார்கள். யாரும் அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஐந்து வருடம் யாரும் கூப்பிடாததால் அவர்களாகவே புரிந்துகொண்டது அது.

இந்த ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்கு வருத்தம் கூடுதலாகவே இருக்கிறது. இங்கிருந்து ரயில் ஏறினால் சில நிமிடங்களில் பண்ருட்டி. அதன் பக்கத்தில் திருவதிகை. சூலை நோயோடு தமக்கை திலகவதியாரைத் தேடி வந்த நாவுக்கரசர் தம் முதல் பதிகத்தைப் பாடிய வீரட்டானம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பதிகத்துக்குப் பண் கொல்லி. இன்றைக்கு ஓதுவார்கள் அதை நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். விருத்தாசலம் பக்கம் போனால் ராஜேந்திரப்பட்டினம், பழைய பெயர் திருஎருக்கத்தம்புலியூர். சம்பந்தரோடு யாழ் மீட்டிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்தபோது சொற்கள் கிடைத்தன, இசை கிடைக்கவில்லை. அப்போது அந்த யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்துத்தான் பதிகங்களுக்குப் பண் வகுத்தார்கள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. ஒரு நாட்டின் இசையையே ஞாபகத்தில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவள் நம் மாவட்டத்துப் பெண். அவள் பெயரைக்கூடப் புராணம் நமக்குத் தரவில்லை. நம் பள்ளிகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான் வரும்.

கோயிலோடு பாட்டு நிற்கவில்லை. 1860களில் கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியார் இதே மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானி என்று பெயர் வைத்து ஒரு மிஷன் நிலையம் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அதை ஏற்று நடத்தியது. பின்னால் ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று வளர்ந்தது அந்த வேலைதான். லுத்தரன் சபைகளில் சபையார் எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும் என்பது ஆதியிலிருந்தே வழக்கம். பாமாலையும் பாடுவார்கள், நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனையும் பாடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் நின்று பழகிய பையன், திங்கட்கிழமை பள்ளியில் கூச்சமில்லாமல் குரல் எடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் நெல்லிக்குப்பத்தில் தாயிரா தட்டிப் பாடும் இசுலாமியப் பாடல்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் தெருக்கூத்து. முகவீணையும் மிருதங்கமும் ஹார்மோனியமும் விடியவிடிய ஒலிக்கும் கலை அது. வடலூரில் வள்ளலாரின் அருட்பாவைப் பாடாத வீடு குறைவு. பக்கத்து நெய்வேலியை எல்லாரும் பழுப்பு நிலக்கரி ஊராகத்தான் அறிவார்கள். 1956இல் நிறுவனம் தொடங்கி, சுரங்கம் தோண்டி, மண்ணைப் புரட்டி எழுப்பிய நகரியம் அது. அந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட நெய்வேலி சந்தானகோபாலனுக்கு 2020ஆம் ஆண்டுக்கான சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. நமக்குப் பாட்டுப் பஞ்சம் கிடையாது, ஐயா. பாட்டு நம் தெருவில் இருக்கிறது. பள்ளியின் கேட்டுக்குள் நுழையும்போதுதான் அது வாசலிலேயே நின்றுவிடுகிறது.

ஏன் நின்றது? சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் உயர்நிலைப் பள்ளிகளில், குறிப்பாகப் பெண்கள் பள்ளிகளில், ஓவியத்துக்கும் தையலுக்கும் இருந்ததைப் போலப் பாட்டுக்கும் சிறப்பாசிரியர் பணியிடம் இருந்தது. ஆசிரியர் ஓய்வு பெறுவார், இடம் காலியாகவே கிடக்கும். பிறகு 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. ஆறு முதல் எட்டு வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் கலைக் கல்விக்கும், உடற்கல்விக்கும், தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அதன்படி 2012இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துதான் அது 12,500 ஆனது. கலைக் கல்விக்கு என்று ஒரு பள்ளிக்குக் கிடைத்தது ஒரே இடம். அந்த ஒரே இடத்தை ஓவியமும் இசையும் பங்கு போட வேண்டியிருந்தது. நான் பார்த்த பள்ளிகளில் பெரும்பாலும் ஓவியம் வந்தது, இசை வரவில்லை. ஓவிய ஆசிரியர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு தட்டில் இரண்டு பிள்ளைக்குச் சோறு போட்டால் ஒன்று பசியோடுதான் எழுந்திருக்கும்.

அந்த ஆசிரியர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். அரை நாள் ஒரு பள்ளியில் பாட்டுச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மீதி நேரத்தில் வீடு வீடாக டியூஷன் எடுத்து, முகூர்த்த நாளில் கச்சேரிக்குப் பக்கவாத்தியம் போய்க் குடும்பம் நடத்துகிறவர்களை நான் அறிவேன். அந்த நிலையிலும் ஆண்டு விழாவுக்குத் தங்கள் கைக்காசில் சுருதிப் பெட்டி வாங்கி வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நிரந்தரப் பணி கேட்பது என் கணக்கில் சங்க விவகாரம் இல்லை, பிள்ளைகளின் விவகாரம். ஆசிரியர் நிலைத்து நின்றால்தான் ஆறாம் வகுப்பில் ஆரம்பித்த பாட்டு பத்தாம் வகுப்பு வரை போய்ச் சேரும்.

இனி மேடை. மேடை விஷயத்தில் இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எங்கள் காலத்துப் பிள்ளைகளைவிடக் கொடுத்துவைத்தவர்கள். 2015 முதல் ஒன்றிய அரசு கலா உத்சவ் நடத்துகிறது. 2022இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைத் திருவிழா தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், கடைசியில் கலையரசன், கலையரசி என்று பட்டம் கொடுக்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி சென்னையில் பெரிய அரங்கத்தில் நின்று பாடுவதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இன்று அது நடக்கிறது. முந்திரிக் கொட்டை உடைக்கிற வீட்டுப் பெண், கை விரலில் கறை போகாமலே மேடையேறி நாட்டுப்புறப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்குவதை நான் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கண் கலங்கினேன். இதைத் தொடங்கியவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. மேடை கொடுத்தோம். வகுப்பு கொடுத்தோமா? போட்டி அறிவிப்பு வருகிறது. பதினைந்து நாளில் பள்ளி அளவில் முடிக்க வேண்டும். தலைமையாசிரியர் என்ன செய்வார், பாவம்? ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளை யார் என்று தேடுவார். ஏற்கெனவே யாருக்குத் தெரியும்? மாதக் கட்டணம் கட்டி வீணையோ கீபோர்டோ கற்கிற பிள்ளைக்குத் தெரியும். அப்பா நாதஸ்வரம் வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியும். மறுபடியும் அந்த ஆறு பேர்தான். மேடை ஏறும் படிக்கட்டு வகுப்பறை. அந்தப் படி இல்லாமல் மேடையை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும், தாவி ஏறத் தெரிந்தவன்தான் ஏறுவான்.

வெளியே போய்க் கற்றுக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி கடலூரில் இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று ஏழு கலைகளை மூன்று ஆண்டு சொல்லித் தருகிறார்கள். 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம். அருமையான இடம், நம் பிள்ளைகள் அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அது பகலில் நடக்கிற முழுநேரப் படிப்பு. எட்டாம் வகுப்புப் பிள்ளை பள்ளியை விட்டுவிட்டா அங்கே போகும்? வார விடுமுறையில் நடக்கும் ஜவகர் சிறுவர் மன்றமும் மாவட்டத் தலைநகரில்தான். வாரா வாரம் பேருந்துக் காசு, கூடப் போய்வர ஒரு ஆள் என்று கணக்குப் பார்த்தால், கூலிக்குப் போகிற வீட்டில் அது ஓடாது. சிதம்பரத்தில் 1929இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக் கல்லூரி இருக்கிறது. 1941இல் தமிழிசை மாநாடு கூடியதும், தண்டபாணி தேசிகர் இருந்து கற்பித்ததும் அந்த அண்ணாமலை நகரில்தான். உச்சியில் பல்கலைக்கழகம் இருக்கிறது, கீழே தெருவில் பாட்டு இருக்கிறது. நடுவில் இருக்க வேண்டிய பள்ளி வகுப்புதான் இல்லை.

பாட்டு வகுப்பு என்றால் பெரிய ஏற்பாடு வேண்டும் என்று பயப்படாதீர்கள். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். மனோன்மணீயம் சுந்தரனார் எழுதி, எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டமைத்த தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைப் போடாமல் வாயால் பாட வேண்டும் என்றும் அந்த ஆணை சொல்கிறது. அப்படியானால் தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் மோகனம் ஏற்கெனவே இருக்கிறது. ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரம். பக்கத்துப் பக்கத்தில் இடிக்கிற சுரம் கிடையாது, அதனால் சின்னக் குரல் வழுக்காது. மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஆரம்பிப்பது நம் மரபு, அதை நான் மதிக்கிறேன். குருவுக்கு முன்னால் தனியாக உட்காரும் பிள்ளைக்கு அது சரி. ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் நான் மோகனத்தில்தான் ஆரம்பித்தேன். தினமும் பாடுகிற பாட்டையே எடுத்து, "இந்த இடத்தில் நீ நிற்கிறாயே, அதுதான் பஞ்சமம்" என்று காட்டினால், பிள்ளையின் முகம் மாறும். தனக்குத் தெரியாது என்று நினைத்தது தனக்குள்ளேயே இருந்தது என்று அதற்குப் புரியும் நேரம் அது.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஹங்கேரி நாட்டில் ஸோல்தான் கோடாய் என்ற இசைமேதை இதையேதான் செய்தார். குழந்தைகளுக்கு முதலில் ஐந்து சுரப் பாட்டு, அதுவும் அவர்கள் தாய்மொழி நாட்டுப்பாட்டு, வாத்தியம் எல்லாம் அப்புறம் என்றார். ஐந்து சுரம் என்று அவர் எடுத்துக்கொண்டது ஏறக்குறைய நம் மோகனம்தான். அவர் பிறந்த கெச்கெமேத் ஊரில் 1950இல் ஒரு பள்ளி தொடங்கி, அங்கே படிக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தினமும் பாட்டு வகுப்பு வைத்தார்கள். போரில் நொடித்துப் போயிருந்த நாடு அது. வசதி வந்த பிறகு பாடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையில் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை ஏதாவது ஒரு அழகியல் பாடம் எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. தமிழ்ப் பள்ளிகளில் கர்நாடக சங்கீதத்தைச் சாதாரணதரத் தேர்வில் ஒரு பாடமாகவே எடுத்து எழுதலாம். 1931இல் தொடங்கிய வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வு நடத்துகிறது. போரும் இடப்பெயர்வும் கண்ட மக்கள் தங்கள் பள்ளிக் கால அட்டவணையிலிருந்து பாட்டை எடுத்துவிடவில்லை. நம் பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், அதில் இசைக்கு இடமில்லை. தேர்வில் இல்லாததால் வகுப்பிலும் இல்லை. கால அட்டவணையில் "இசை" என்று எழுதியிருக்கும், அந்த நேரத்தில் கணக்கு நடக்கும்.

நான் பட்ட ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் யாரும் வாயே திறக்க மாட்டார்கள். ஆறாவதில் நன்றாகப் பாடிய பையன்கள்தான் அவர்கள். விசாரித்தால், மகரக்கட்டு உடைந்த நேரம். குரல் கரகரக்கிறது, மேலே போனால் கிழிகிறது. முன்னால் நிற்கும் பெண் பிள்ளைகள் ஐந்து கட்டையில் ஆரம்பிக்கிறார்கள், இவர்களால் எட்ட முடியவில்லை. ஒருநாள் எவனோ சிரித்திருக்கிறான். அதோடு முடிந்தது. அந்தக் காலத்துப் பாலர் நாடக சபைகளிலும், சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சபை உட்பட, இந்த வயதில் பையன்கள் பட்ட வேதனை கொஞ்சமல்ல. குரல் உடைந்தால் வேஷம் போய்விடும் என்ற பயம். ஆனால் குரல் போவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். நான் அந்தப் பையன்களைத் தனியாக அழைத்து, மரத்தடியில் உட்காரவைத்து, ஒன்றரைக் கட்டையில் சுருதி வைத்தேன். முதலில் பாட்டே கிடையாது. ஆதார ஷட்ஜத்தில் நிற்க மட்டும் சொன்னேன். முதல் வாரம் சத்தம் மட்டும் வந்தது. மூன்றாவது வாரம் இருபத்தெட்டு பேரும் ஒரே சுரத்தில் நின்றார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு கனமான சத்தம். தங்கள் புதுக்குரலைத் தாங்களே முதல்முறை கேட்டு அந்தப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் மறக்க மாட்டேன். அதில் ஒருவன் இன்று தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரன். மற்றவர்கள் லாரி ஓட்டுகிறார்கள், சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார்கள், ஒருவன் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. அவர்களும் பாடுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன், வீட்டில், பிள்ளையைத் தூங்கவைக்க. எனக்கு அது மாவட்ட முதல் பரிசைவிடப் பெரியது.

அந்தப் பள்ளியில் இன்னொன்றும் செய்தோம். தலைமையாசிரியர் நல்லவர், ஒத்துக்கொண்டார். ஆறு பேர் குழுவைக் கலைத்தோம். பதினைந்து பிரிவுகள். திங்கட்கிழமைக்கு ஒரு பிரிவு என்று முறை வைத்தோம். அந்தப் பிரிவின் நாற்பது பேரும் முன்னால் வந்து நிற்க வேண்டும், எல்லாரும் பாட வேண்டும். வருடத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் இரண்டு முறை வந்தது. முதல் இரண்டு மாதம் கேட்கச் சகிக்கவில்லை என்று ஆசிரியர் அறையில் முணுமுணுப்பு. சுருதி சேரவில்லை, நடை இழுத்தது, 55 விநாடி 70 ஆனது. ஆனால் தங்கள் முறை வரப்போகிறது என்றதும் பிள்ளைகளே சாப்பாட்டு இடைவேளையில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். கால் ஊனமான ஒரு பெண், அதுவரை கூட்டத்துக்கே வராமல் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், தோழிகள் இரண்டு பேர் நாற்காலி தூக்கிவர, முன்வரிசையில் உட்கார்ந்து பாடினாள். பைசா செலவில்லாத மேடை அது. கால அட்டவணையில் மாற்றம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆண்டு விழாவுக்கு ஊர்க் கலைஞர்களைக் கூப்பிட்டோம். ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு பறை ஆசான், தேவாலயப் பாடகர் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கும் ஒரு பெரியவர். சம்பாவனை அதிகம் கொடுக்க முடியவில்லை. வேட்டி துண்டு கொடுத்தோம். அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார்கள். பறை ஆசானின் பேரன் அதே பள்ளியில் ஏழாவது படித்தான். தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று அதுவரை யாரிடமும் சொல்லாமல் இருந்த பையன், அன்று தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குள் வந்தான். பள்ளி ஒரு கலையை மேடையில் ஏற்றினால் அந்தக் கலைக்காரன் வீட்டுப் பிள்ளை தலை நிமிர்கிறான். இதை எந்தப் போட்டியின் மதிப்பெண் தாளிலும் எழுத முடியாது.

பாட்டு வந்தால் படிப்பு கெடும் என்று பயப்படும் பெற்றோருக்கு நான் சொல்வது ஒன்றுதான். வாரத்தில் நாற்பது பாடவேளை இருக்கும் இடத்தில் இரண்டு வேளை பாட்டுக்குக் கொடுத்தால் கணக்கு ஒன்றும் குறைந்துவிடாது. கணக்குக்கு உதவும் என்று சொல்லி நான் பாட்டை விற்க வரவில்லை. பாட்டு பாட்டுக்காகவே வேண்டும். சோறு எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், தலைவர் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் எல்லாம் கேளுங்கள், அவை முக்கியம். அதோடு இரண்டே கேள்வி சேர்த்துக் கேளுங்கள். எங்கள் பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு எந்தக் கிழமை? அதை எடுப்பவர் யார்? பதில் இல்லை என்றால், இசை ஆசிரியர் பணியிடம் வேண்டும் என்று தீர்மானம் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஆசிரியர் வரும்வரை திங்கட்கிழமைக் கூட்டத்தில் முறைவைத்துப் பாடட்டும். சுருதி வைக்க ஆள் வேண்டுமானால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இந்த மாவட்டத்தில் எந்தப் பள்ளியாக இருந்தாலும் வருகிறேன்.